நாற்பத்தைந்தாவது நிமிடம்

பேராசிரியர்களின் வெள்ளைக் கழுத்துப்பட்டிகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவது ரென்ஸ்கேயின் வேலை இல்லை. பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு சலவை நிலையம் உண்டு. ஆனால் அங்கே போய்வந்த பட்டிகள் நமுத்த அப்பளம் மாதிரித் துவண்டு தொங்கும். அதைக் கட்டிக்கொண்டு ஒருவர் பிரபஞ்சத்தின் ஆதிமூலத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் பார்க்கிறவர்களுக்குத்தான் பாவமாக இருக்கும். ஆகவே இருபத்திரண்டு வருடமாக, விழா உள்ள வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் பலகையை விரித்து அவளே தேய்த்துவிடுவாள். யாரும் செய்யச் சொன்னதில்லை. யாரும் கவனித்ததும் இல்லை.

அவளுடைய வேலை கட்டியம் கூறுவது. டாக்டர் பட்டத்துக்கு ஒருவர் நிற்கும் நாளில், கறுப்பு அங்கியும் வெள்ளி மணிகள் கோத்த கோலுமாகப் பேராசிரியர்களுக்கு முன்னால் நடந்து, அவர்களை மண்டபத்தில் வரிசையாக உட்கார வைப்பாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். சரியாக நாற்பத்தைந்து நிமிடம் கழித்து மறுபடி உள்ளே போய், கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "ஹோரா எஸ்ட்" என்பாள். நேரமாயிற்று என்று லத்தீனில் அர்த்தம். அந்தச் சொல் விழுந்ததும் யார் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் கேள்வி அத்தோடு சரி. ஹாலந்தில் பல நூறு வருடமாக அறிவு இப்படித்தான் முடிந்து வருகிறது.

மண்டபத்தில் கடிகாரம் கிடையாது. ரென்ஸ்கேயின் இடது கையில் இருப்பதுதான் கடிகாரம். தினமும் காலை ஏழு மணிச் செய்திக்கு முன் வானொலியில் வரும் ஒலிக்கு அதைச் சரிபார்ப்பாள். இதுவரை நானூற்றுச் சொச்சம் பேரை முடித்து வைத்திருக்கிறாள். ஒரு நிமிடம் முந்தியதில்லை, பிந்தியதில்லை. ஒருமுறை புற்றுநோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், "ஆகவே இதற்கு முக்கியமான காரணம்" என்று சொல்லி மூச்சு வாங்கியபோது உள்ளே போனாள். அந்தக் காரணம் இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அதற்காக அவள் தூக்கம் கெட்டதும் இல்லை.

அந்த ஞாயிறு ஐந்தாவது பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்த அவள் புருஷன் யெல்மர் தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"வெள்ளிக்கிழமை நீ ஒரு நிமிஷம் முன்னால உள்ள வந்தா என்ன ஆகும்?"

"எதுக்கு முன்னால?"

"நாப்பத்தஞ்சுக்கு."

இஸ்திரிப்பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"பட்டி தீயப் போகுது" என்றான் யெல்மர்.

"தீயட்டும். இப்ப என்ன சொன்னே? இன்னொரு தடவ சொல்லு."

"சும்மா கேட்டேன்."

"கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல நீ சும்மா ஒண்ணும் கேட்டதில்ல. பால் இருக்கான்னு கேட்டாக்கூட நான் கடைக்குப் போகணும்னு அர்த்தம்."

யெல்மர் பேனாவை மூடினான். வெள்ளிக்கிழமை பட்டத்துக்கு நிற்கப்போவது அவன்தான். ஐம்பத்தேழு வயது; நான்கு ஸ்டேஷன் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். பத்தொன்பது வருடமாக, ரயிலிலும் மேசையிலும், விடைத்தாள் திருத்தியது போக மிஞ்சிய நேரத்திலும் எழுதிய ஆய்வு. கட்டியம் கூற இன்னொருவர் இருந்தார். அவர் இடுப்பு எலும்பு மாற்றிக்கொள்ளப் போய்விட்டார். அவர் இடத்தில் மனைவியே நிற்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, "நீங்க என்ன கேள்வியா கேக்கப் போறீங்க, மணிதானே பாக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

"எண்பத்து மூணாம் பக்கம்" என்றான் யெல்மர். "ஹெல்டர்மான் அதத்தான் கேப்பாரு. கடைசியா கேக்கறவர் அவர்தான். எட்டு நிமிஷம் அவருக்கு. அதுல ஒண்ணு போனா ஏழு."

"ஏழு நிமிஷத்துல கேக்கத் தெரியாதா அந்த மனுஷனுக்கு?"

"கேட்டுடுவார். நான் முழிக்கிற நேரம் ஒரு நிமிஷம் குறையும்."

ரென்ஸ்கே பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இதப் பாரு யெல்மர். அமைச்சரோட மக நின்னப்பகூட நான் அரை நிமிஷம் விட்டுக் குடுக்கல. இப்ப எம் புருஷனுக்குன்னு ஒரு கடிகாரம், ஊருக்குன்னு ஒரு கடிகாரமா? பதில் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டுப் போ. இல்ல, இன்னும் அஞ்சு நாள் இருக்கு, உக்காந்து கண்டுபிடி."

"பத்தொம்பது வருஷத்துல வராதது அஞ்சு நாள்ல வரும்."

"வராட்டி அது உங்க பௌதிகத்தோட தப்பு. என் கடிகாரத்தோட தப்பில்ல."

அவன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். பட்டியில் இஸ்திரிப்பெட்டியின் மூக்கு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை விழுந்திருந்தது. அதை ஹெல்டர்மானுக்கென்று தனியாக எடுத்து வைத்தாள்.

யெல்மரின் ஆய்வு என்னவென்று ரென்ஸ்கேக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று அவன்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அணு அளவே உள்ள காந்தங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருப்பதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று பிடிவாதம். இரண்டு பேர் மட்டும் என்றால் தகராறு இல்லை. ஒருவர் மேலே பார்ப்பார், மற்றவர் கீழே. ஒரு முக்கோணத்தின் மூன்று மூலையில் மூன்று பேரை நிறுத்தினால் மூன்றாமவர் எந்தப் பக்கம் பார்ப்பார்? அப்படிப்பட்ட முக்கோணங்களை மூங்கில் கூடை மாதிரிப் பின்னிக்கொண்டே போனால்? குளிர் ஏற ஏற உலகத்தில் எல்லாப் பொருளும் அடங்கி ஒரு ஒழுங்குக்கு வரும். இந்தக் கூடை எவ்வளவு குளிர்ந்தாலும் அடங்காது என்பது யெல்மரின் கட்சி. கணினி வைத்திருப்பவர்களில் ஒரு கூட்டம் அடங்கும் என்றது. இன்னொரு கூட்டம் அடங்காது என்றது. இரண்டு கூட்டமும் இன்னும் பெரிய கணினி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தன.

அவன் முதன்முதலில் இதை விளக்கிய அன்று ரென்ஸ்கே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "இது எங்க வீட்டுக் கதைதானே" என்றாள். "டினேக்கே அக்காவுக்கும் எனக்கும் ஆகாது. தங்கச்சி ஃப்ரௌக்கே எனக்காகப் பேசினா அக்காவுக்குக் கோபம். அக்காவுக்காகப் பேசினா எனக்கு. எங்க அம்மா போடற கிறிஸ்துமஸ் விருந்து ஒண்ணாவது அடங்கி முடிஞ்சிருக்கா? இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" யெல்மர் அன்று சிரித்தான். மறுவாரம் அதே பின்னலில் ஒரு கூடை வாங்கி வந்து முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தான். மூன்று மாதம் யோசித்த பிறகு ரென்ஸ்கே அதில் வெங்காயத்தைப் போட்டு வைத்தாள்.

எண்பத்து மூன்றாம் பக்கத்து விவகாரமும் அவளுக்குத் தெரியும். ஒரு முக்கோணத்தின் சண்டை வெகுதூரத்தில் இருக்கும் இன்னொரு முக்கோணத்தை எட்டாது என்று அங்கே யெல்மர் எழுதியிருந்தான். எட்டாது என்று எப்படித் தெரியும் என்பதை எழுதவில்லை. 'எளிதில் காணலாம்' என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். அந்தத் தொழிலில் எளிதில் காணலாம் என்று ஒருவர் எழுதினால் அவர் இன்னும் காணவில்லை என்று அர்த்தம். இது தெரிந்தவர்கள் அனைவரும் அதே மாதிரி எழுதுகிறவர்கள் ஆகையால் பெரும்பாலும் கேட்பதில்லை.

ஹெல்டர்மான் கேட்பார். தெற்கிலிருந்து வரும் பெரிய மனிதர். பத்தொன்பது வருடம் முன்பு ஒரு கருத்தரங்கில், காபி இடைவேளையில், யெல்மர் தன் யோசனையை ஒரு காகிதக் குவளையின் மேல் வரைந்து காட்டியபோது, அவர் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூட வாத்தியாருக்கு இது நல்ல பொழுதுபோக்கு" என்றார். பட்டம் கிடைத்துவிடும், மண்டபம் வரை வந்தவர் யாருக்கும் இந்த ஊரில் அது கிடைக்காமல் போனதில்லை. யெல்மருக்கு வேண்டியது பட்டம் இல்லை. ஹெல்டர்மானுக்கு எதிரில், எண்பத்து மூன்றாம் பக்கத்தில், வாயடைத்து நிற்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு குறைவு. யெல்மர் வழக்கமான ரயிலுக்கு முந்தைய ரயிலில் போனான். உட்கார இடம் கிடைக்கும் என்றான். புதன்கிழமை பட்டாணி சூப்பில் கரண்டியை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரென்ஸ்கே அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை துணி துவைக்கப் போட்டபோது அவன் கால்சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பிரித்தாள். 'மிகவும் கற்றறிந்த வினவுநரே, எண்பத்து மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியிருப்பதற்கு என்னிடம் நிரூபணம் இல்லை. இத்தனை காலம் அதைச் சொல்லாமல் இருந்ததற்கு' என்று பாதியில் நின்றிருந்தது. பின்பக்கம் முழுக்க முக்கோணங்கள். ஆறாறாக வட்டத்தில், பூ மாதிரி. அந்த வீட்டில் முக்கோணம் இல்லாத காகிதம் மளிகைப் பட்டியல்கூடக் கிடையாது. அவள் முன்பக்கத்தையே இன்னொரு தடவை படித்தாள். பிறகு காகிதத்தைப் பழையபடி மடித்து, மறுநாளைக்கு எடுத்து வைத்திருந்த கோட்டின் பையில் செருகினாள். 'சொல்லாமல் இருந்ததற்கு' என்ற இடத்தில் அவன் பேனா நின்றிருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மண்டபம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வகுப்புகள் வந்திருந்தன. பாடம் நடக்காது என்பதால் அவ்வளவு ஆர்வம். யெல்மருக்குத் துணையாக, வழக்கப்படி இருபுறமும் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் உடற்பயிற்சி வாத்தியார். இன்னொருத்தி ரென்ஸ்கேயின் தங்கை ஃப்ரௌக்கே. அக்கா டினேக்கே கனடாவிலிருந்து இணைய ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத்தான் கால் நடுங்குது" என்றாள் ஃப்ரௌக்கே, ஊர்வலம் கிளம்புமுன். "மயக்கம் போட்டா நான் பிடிக்கணுமா? எனக்கு முதுகு வலி."

"வாத்தியார் பிடிச்சுக்குவாரு. நீ தண்ணி ஊத்து, போதும்."

"நீ ஏன் வெளுத்துப் போயிருக்கே?"

"அங்கி கறுப்பு. அப்படித் தெரியுது."

ஆய்வேட்டோடு பதினொரு கருத்துகளை ஒரு சீட்டில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே முறை. பத்து கருத்துகள் அறிவைப் பற்றி. கடைசி ஒன்று வேடிக்கையாக இருக்கலாம். யெல்மரின் பதினொன்றாவது கருத்து: 'மணி அடித்த பிறகு நடத்தும் பாடம் யார் காதிலும் ஏறாது.' மாணவர்கள் அதை மட்டும் படித்துவிட்டுச் சீட்டை விசிறியாக்கிக்கொண்டார்கள். அது வெறும் வேடிக்கை இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். முப்பது வருடத்தில் அவன் ஒரு வகுப்பைக்கூட மணிக்கு மேல் பிடித்து வைத்ததில்லை.

பேராசிரியர்களை உட்கார வைத்துவிட்டு ரென்ஸ்கே வெளியே வந்தாள். கதவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு முக்காலி. உள்ளே பேசுவது சத்தமாகக் கேட்கும், சொல்லாகக் கேட்காது. நானூறு பேரை அப்படிக் கேட்டதில் அவளுக்கு ஒரு காது வந்திருந்தது. நன்றாகப் போகிறவர்களின் குரல் மெதுவாகும். மாட்டிக்கொண்டவர்கள் வேகமாகப் பேசுவார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் தண்ணீர் குடிப்பார்கள்.

முப்பத்தேழாவது நிமிடத்தில் ஹெல்டர்மானின் குரல் எழுந்தது. நிதானமான, நன்றாகச் சாப்பிட்ட குரல். இரண்டு நிமிடம் பாராட்டு. அப்புறம் கேள்வி. யெல்மர் ஏதோ சொன்னான். ஹெல்டர்மான் மறுபடி கேட்டார். அதற்கும் ஏதோ சொன்னான். மூன்றாவது தடவை கேட்டபோது 'எண்பத்து மூன்று' என்பது மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

அப்புறம் உள்ளே சத்தமே இல்லை.

ரென்ஸ்கே எழுந்து நின்றாள். இந்தச் சத்தமின்மை தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். சமையலறையில் முப்பத்தொரு வருடம் பழகியது. மணியைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று நிமிடம், ஐம்பது விநாடி. கோலை எடுத்தாள். மணிகள் குலுங்காமல் இருக்க ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். இந்த மாதிரி அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை.

நாற்பத்து நாலு. கதவைத் திறந்தாள். நடைபாதையில் நடந்தாள். கோலைத் தட்டினாள்.

"ஹோரா எஸ்ட்."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். யெல்மர் மேடையில் அவனுடைய இடத்தில் இல்லை. ஓரத்தில் இருந்த கரும்பலகைக்கு முன்னால் சாக்குக்கட்டியோடு நின்றிருந்தான். பலகையில் ஒரு வளையம். வளையத்தைச் சுற்றி முக்கோணங்கள். நான்கு போட்டாகிவிட்டது, ஐந்தாவதற்குக் கை தூக்கியிருந்தது. அவன் முகத்தில் பயம் இல்லை. பின்வரிசையில் பையன்கள் செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்டர்மான் பழுப்புக் கறை பட்ட கழுத்துப்பட்டியோடு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்து உட்காரும் மனிதர் அவர்.

அவைத் தலைவர், "வேட்பாளர் விரும்பினால் பதிலைச் சொல்லி முடிக்கலாம்" என்றார். அதுவும் முறைதான்.

யெல்மர் பலகையைப் பார்த்தான். ரென்ஸ்கேயைப் பார்த்தான். அவள் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கோலின் நுனியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு பையன், "பதினொண்ணு, சார்" என்றான்.

மண்டபம் சிரித்தது. ஹெல்டர்மான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்து, சீட்டைத் தூக்கிக் காட்டினார். யெல்மரும் சிரித்தான். வேறு என்ன செய்வான். "மணி அடிச்சாச்சு" என்று சாக்குக்கட்டியைத் தட்டில் வைத்தான். சாக்குத்தூள் பட்ட கையைப் புதுக் கோட்டில் துடைத்துக்கொண்டான். அதை யாரும் தடுக்கவில்லை.

பட்டம் கிடைத்தது. விருந்தில் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள்; அவனுக்கு, ரென்ஸ்கேக்கு, ஃப்ரௌக்கேக்கு, தள்ளி நின்ற உடற்பயிற்சி வாத்தியாருக்கும். பொரித்த இறைச்சி உருண்டையும் கடுகுச் சட்னியும் தட்டில் சுற்றி வந்தன. ஹெல்டர்மான் ஒன்றை வாயில் போட்டு, சூடு தாங்காமல் ஊதிக்கொண்டே வந்தார்.

"அழகாத் தப்பிச்சீங்க, டாக்டர்."

"தப்பிக்கல" என்றான் யெல்மர். "எனக்குப் பதில் தெரியும். செவ்வாய்க்கிழமை ரயில்ல வந்துச்சு. ஒரு சண்டையத் தனியா எடுத்துக்கக் கூடாது. வளையத்தச் சுத்தி ஆறு முக்கோணம். சண்டை ரெண்டு பக்கமாவும் சுத்தி வந்து ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தா..."

"எனக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் அந்த ஒரு நிமிஷந்தான் குறையுது." ஹெல்டர்மான் அவன் தோளைத் தட்டினார். "வர்ற தலைமுறைக்கும் ஏதாச்சும் வேணுமில்லையா? விட்டுக் குடுத்துட்டீங்க. அது பெருந்தன்மை. நல்ல பொழுதுபோக்கு, நல்லா முடிஞ்சுது. எனக்கு அஞ்சே முக்காலுக்கு ரயில்." பிறகு ரென்ஸ்கே பக்கம் திரும்பி, "உங்க கடிகாரம் ரொம்பக் கறாருங்க, மேடம்" என்றார்.

"அதுல சந்தேகமே வேண்டாம்" என்று முந்திக்கொண்டு சொன்னான் யெல்மர். "வானொலிக்காரங்களே இவகிட்டக் கேட்டுத்தான் மணி வெச்சுக்கறாங்க."

ரென்ஸ்கே தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்தாள். சூடாகத்தான் இருந்தது. அப்படியே விழுங்கினாள்.

சனிக்கிழமை காலை அவள் பட்டிகளை வெந்நீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். யெல்மர் மேசையில் கணினியைத் திறந்து வைத்திருந்தான். அக்கா டினேக்கே கனடாவிலிருந்து பதிவை அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு வரி: கோட்டு நன்றாக இருந்தது, முடி வெட்டியிருக்கலாம்.

"எதுக்கு இப்ப அதப் பாக்கற?"

"எப்படி ஆரம்பிச்சேன்னு பாக்கணும். ஹெல்டர்மானுக்கு எழுதலாம்னு உக்காந்தேன். நின்னுக்கிட்டு வந்த வார்த்த உக்காந்தா வரமாட்டேங்குது."

"அவர் படிப்பாரா?"

"படிக்க மாட்டாரு. குனிஞ்சு உக்காந்தாரு பாத்தியா, அது ஒரு தடவதான் நடக்கும்." குறையாக இல்லாமல், மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னான். "காபி இருக்கா?"

ஊற்றிக் கொடுத்தாள். ஒரு பிஸ்கட்டும் வைத்தாள். திரையில் யெல்மர் சின்னதாக நின்றான். அவைத் தலைவர் தொடங்கி வைத்தார். அவன் வேகமாக ஓட்டினான். ஹெல்டர்மான் வந்தார், கேட்டார், கேட்டார், கேட்டார். திரையில் இருந்த யெல்மர் சத்தமில்லாமல் பலகைக்கு நடந்து போனான். வளையத்தைப் போட்டான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கதவு திறந்தது.

யெல்மர் நிறுத்தினான். கீழே ஓரத்தில் எண்கள் நின்றிருந்தன. கொஞ்சம் பின்னால் ஓட்டி, தொடக்கத்தைப் பார்த்தான். மறுபடி முன்னால் வந்தான். வாத்தியார் அவன், கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

"ரென்ஸ்கே."

அவள் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நின்றாள்.

"இது நாப்பத்து நாலுன்னு காட்டுது." பிறகு, அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறவனைப் போல மெதுவாகச் சொன்னான்: "இவங்க நடுவுல எங்கயாச்சும் ஒரு நிமிஷத்த வெட்டியிருப்பாங்களோ? ஒளிபரப்புல அப்படி நடக்குமாமே?"

ரென்ஸ்கே பட்டிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்தாள். ஏழு. பழுப்புக் கறை போகவில்லை. அவற்றை வெங்காயக் கூடையில் போட்டாள். பக்கத்தில் அதுதான் இருந்தது. உள்ளே கிடந்த இரண்டு வெங்காயத்தை எடுத்து அவன் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். கூடையை இடுப்பில் ஏந்திக்கொண்டு, கொடியில் காயப்போடத் தோட்டத்துப் பக்கம் போனாள்.